தாலியா, மாலையா, மோதிரமா, பதிவா? வடசென்னையில் கல்யாணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து 15 வருடமாகத் தெருக்காரர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று ஆரம்பித்த வேலை. இப்போது வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சிக்கல் கல்யாணத்தில்தான் இருக்கிறது. ஒரே கேள்வி நூறு வாயிலிருந்து வருவதால், பதில்களை எழுதிவைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கோர்ட்டுக்குப் போகும் அளவு விஷயம் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

கல்யாணம் 'செல்லும்', 'செல்லாது'ன்றாங்களே, அது என்னக்கா?

கல்யாணம் நடந்ததா என்பது ஒரு கேள்வி. நடந்ததைக் காட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கண்ணீர்.

எல்லாருக்கும் ஒரே சடங்கு என்று நம் சட்டம் எதையும் விதிக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். படகுத் தொழிலாளர்கள் எழுப்பிய ராயப்பர் கோயிலில் மோதிரம் மாற்றுவார்கள். (பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர், ஊரின் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான்.) கொஞ்சம் தள்ளி 1910-ல் கட்டிய பார்சிகளின் தீக்கோயில். மண்ணடிப் பக்கம் போனால் நிக்காஹ். சவுகார்பேட்டையில் மார்வாடிக் குடும்பங்கள் அக்னியைச் சுற்றி வருவார்கள். காசிமேட்டில் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் தாலி ஏறாது. இத்தனையும் கல்யாணம்தான். 1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவும், மாப்பிள்ளை வீட்டு வழக்கம், பெண் வீட்டு வழக்கம் இரண்டில் எதன்படி நடந்தாலும் போதும் என்கிறது. ஏழடி எடுத்து வைப்பது அவர்கள் வழக்கத்தில் இருந்தால்தான் கட்டாயம். இல்லாத வீட்டில் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

தமிழர் கல்யாணத்துக்கும் ஒரே அச்சு இருந்ததில்லை. அகநானூற்றில் வரும் கல்யாணத்தில் தாலியும் இல்லை, தீயும் இல்லை. உழுந்துக் களி வைத்து விருந்து, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள், அவ்வளவுதான். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியவர்கள் கரணம் என்று ஒன்றை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். அதாவது, ஒருத்தியைக் கூடி வாழ்ந்துவிட்டு 'இவளை எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஆள் கிளம்பிய பிறகு சடங்கு தேவைப்பட்டது. இன்றைக்குப் பதிவு தேவைப்படுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஐயர் இல்லாம, தலைவர் ஒருத்தர் தாலி எடுத்துக் குடுத்து நடந்த கல்யாணம். செல்லுமா?

செல்லும். இதைச் சந்தேகத்தோடு யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எத்தனை பேர் பாடுபட்டு வாங்கிய உரிமை இது!

1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. வடசென்னைக்கு இது புதிதே அல்ல. 1918-லேயே பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிய பகுதி இது. சங்கத் தலைவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்ட தாத்தா பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஊர் பார்க்க வாழ்ந்த பெண்ணைச் சட்டம் மனைவி இல்லை என்றது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் சட்டம் கொண்டுவந்து இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே செல்லும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

வேண்டியது இவ்வளவுதான். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் 'உன்னைக் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன்' என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். இருவரும் இந்துச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். வழக்கறிஞர் அறையில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றினால் செல்லாது என்று 2014-ல் ஒரு தீர்ப்பு வந்து பல ஜோடிகளைப் பயமுறுத்தியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஊருக்கெல்லாம் அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, வழக்கறிஞரும் நண்பராக முன்னின்று நடத்தி வைக்கலாம் என்றது. வீட்டுக்குப் பயந்து ஓடிவருகிற பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு உயிர்க்கவசம்.

நாங்க 'ரிஜிஸ்டர் மேரேஜ்' பண்ணிக்கிட்டோம். போதுமில்ல?

எந்த ரிஜிஸ்டர் என்று முதலில் பாருங்கள். இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன.

கோயிலிலோ சர்ச்சிலோ மண்டபத்திலோ நடந்து முடிந்த கல்யாணத்தை ஏட்டில் ஏற்றுவது ஒன்று. 2009-ம் வருடத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதியாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் சான்றிதழ் கையில் இல்லாமல் அலைகிற அலைச்சல் இருக்கிறதே, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சார்பதிவாளர் முன்னிலையிலேயே கல்யாணம் நடப்பது இன்னொன்று. 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்கானது. வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர், யாரும் மதம் மாறாமல் சேர்ந்து வாழ இதுதான் நேர்வழி. ஒருவராவது அந்த எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தால் அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாளில் முறையான ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. பலகையில் ஒட்டும் அந்த 30 நாள்தான் கொடுமை. பெண்ணின் பெயரும் விலாசமும் யார் கண்ணில் வேண்டுமானாலும் படும். ஆட்சேபம் என்றால் வயது, ஏற்கெனவே மனைவியோ கணவனோ இருப்பது, தடைப்பட்ட உறவுமுறை (கட்டக் கூடாத நெருங்கிய சொந்தம்) போன்ற சட்டம் சொன்ன காரணங்கள் மட்டும்தான். 'சாதி வேற', 'எங்களுக்கு இஷ்டமில்ல' என்பதெல்லாம் ஆட்சேபமே அல்ல. பயமாக இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் பாதுகாப்பு கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, இது ரிஜிஸ்டரே இல்லை. நோட்டரியிடம் போய் முத்திரைத்தாளில் 'இன்று முதல் கணவன் மனைவி' என்று எழுதி வாங்குவது. இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. கல்யாணம் நடத்தி வைக்க நோட்டரிக்கு அதிகாரமே இல்லை. போன வருடம் ஒரு பெண் அந்தத் தாளை லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னேன். நல்ல வேளை, பையன் நல்லவன். அந்த வாரமே இருவரும் நோட்டீஸ் கொடுத்தார்கள்.

உனக்கு ஏன்மா இதுல இவ்ளோ அக்கறை?

எங்கள் தெரு ஆயா ஒருத்தர் கேட்டது. எங்கள் அம்மாவால்தான்.

1979-ல் தெருவடைத்துப் பந்தல் போட்டு, அம்மன் கோயில் வாசலில் அம்மாவுக்குத் தாலி கட்டினார் அப்பா. முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். மொய் நோட்டு இருந்தது. ஒரு மழையில் கரைந்து போனது. போட்டோ எடுக்க வசதியில்லை. அப்பா இறந்தபோது அவர் வேலை பார்த்த இடத்துப் பணத்தை வாங்கப் போனால், 'நீங்கதான் சம்சாரம்னு எதை வச்சு நம்புறது?' என்றார்கள். இருபத்தேழு வருடம் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த கை, அந்த மேஜை முன்னால் நடுங்கியதைப் பார்த்தேன். பழைய ரேஷன் கார்டு, என் பிறப்புச் சான்றிதழ், பள்ளி டிசி, கல்யாணத்தில் சமைத்த பெரியவரின் வாக்குமூலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, பணம் கைக்கு வர இரண்டு வருடமாகியது. அம்மாவின் கல்யாணத்தில் எந்தக் குறையுமில்லை. ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்.

நிக்காஹ் ஜமாஅத் தஃப்தர்ல எழுதியாச்சு. அரசாங்கப் பதிவும் வேணுமா?

ஜமாஅத் பதிவேட்டில் (தஃப்தர்) எழுதியிருந்தாலும் அரசாங்கப் பதிவும் செய்வது நல்லது, 2009 சட்டம் எல்லாருக்கும் பொது. பாஸ்போர்ட், விசா வேலைக்கு அரசுச் சான்றிதழ் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம் என்பதை நம் பெண்கள் இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரே சபையில் கேட்பும் ஏற்பும், சாட்சிகள், மஹர். மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொள்ளும் தொகை. இந்த மஹர் பெண்ணுக்கே சொந்தம். அவள் அப்பாவுக்கோ மாமியாருக்கோ அதில் பங்கில்லை. பேசிய மஹரைக் கொடுக்காமலே கணவர் இறந்துவிட்டால் அது அவர் சொத்தின் மீது நிற்கிற கடன். வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் அதைத் தீர்க்க வேண்டும். பேருக்கு ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டுப் பெண் வீட்டிலிருந்து பத்து மடங்கு வரதட்சணை வாங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நிபந்தனைகளையும் எழுதலாம். தலாக் சொல்லும் உரிமையை மனைவிக்கும் ஒப்படைக்கும் 'தஃப்வீஸ்' முறை பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. கேட்டால் தப்பில்லை. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது 2019 சட்டப்படி செல்லாது. குற்றமும்கூட, 3 வருடம் வரை சிறை.

சர்ச் கல்யாணத்துக்கு ஒருத்தர் மட்டும் கிறிஸ்தவரா இருந்தா போதுமா?

1872-ம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி போதும். சட்டம் ஒத்துக்கொண்டாலும் உங்கள் சபை ஒத்துக்கொள்ள வேண்டுமே. பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கத்தோலிக்கர் என்றால் ஓலை வாசிப்புக்கே (கல்யாணத்தைச் சர்ச்சில் அறிவிப்பது) மூன்று ஞாயிறு வேண்டும். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். திருச்சபை நீதிமன்றம் 'கல்யாணம் செல்லாது' என்று தீர்ப்புக் கொடுத்தால், அது சபைக்குள் மட்டும்தான். அரசாங்கத்தைப் பொறுத்தவரை விவாகரத்தைக் கோர்ட்டில்தான் வாங்க வேண்டும். அதை வாங்காமல் மறுமணம் செய்துகொண்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பார்சிக் கல்யாணம் வேற மாதிரியா?

அவர்களுக்கு 1936-ம் வருடத் தனிச் சட்டம். குருவானவர் இரண்டு பார்சி சாட்சிகள் முன்னால் 'ஆசீர்வாத்' சடங்கு நடத்தினால் கல்யாணம்.

அக்கா மகளைக் கட்டலாமா? மாமன் மகளை ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா?

நம் பக்கம் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பது பிறந்த அன்றே பேசிவைக்கிற விஷயம். இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுகளைத் தடுத்தாலும், வழக்கம் இருக்கும் சமூகத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. அதனால் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் கல்யாணங்கள் இங்கே செல்கின்றன. ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் தடைப்பட்டியலில் மாமன் மகளும் அத்தை மகளும் சேர்ந்தே வருகிறார்கள். ஆகவே முறை உள்ளவர்கள் நேராக அந்தச் சட்டத்துக்குப் போகாதீர்கள். வழக்கப்படியோ 7-அ பிரிவுப்படியோ கல்யாணத்தை நடத்திவிட்டு, இந்து திருமணச் சட்டத்தில் பதியுங்கள்.

சட்டம் விட்டாலும் என் மனம் அக்கா மகள் கல்யாணத்தை விடுவதில்லை. 'வீட்டுச் சொத்து வெளிய போகக் கூடாது' என்று பதினெட்டு முடிந்த மறுமாதமே மாமனுக்குக் கட்டிவைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்த உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பும் கூடுதல். டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால் பெண்ணிடம் கேளுங்கள்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கு. எனக்கும் கோயில்ல தாலி கட்டினாரு. நான் யாரு?

தலையைக் குனிந்துகொண்டுதான் இதைக் கேட்பார்கள். நிமிர்ந்து கேளுங்கள் அம்மா, குற்றம் உங்களுடையது அல்ல.

நம் திருவொற்றியூரில் இந்தக் கதை கல்லிலேயே நிற்கிறது. திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர் இங்கே வந்து, பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மயங்கினார். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் கேட்டாள் சங்கிலி. சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் மகிழ மரத்துக்குப் போய் இருந்துகொள் என்று சிவனிடமே ஏற்பாடு செய்தார் சுந்தரர். சிவன் சங்கிலியின் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். அப்புறம் வசந்த விழாவும் பரவையும் நினைவுக்கு வர, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கும்போதெல்லாம் நான் சங்கிலியாரைத்தான் நினைப்பேன். அந்தப் பெண்ணுக்குச் சாட்சியின் அருமை தெரிந்திருந்தது.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்துக்களுக்கு இருதார மணம் தடைசெய்யப்பட்டது. இப்போது முதல் கல்யாணம் உயிரோடு இருக்கையில் நடந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 82-வது பிரிவில் 7 வருடம் வரை தண்டனை, முதல் கல்யாணத்தை மறைத்திருந்தால் 10 வருடம் வரை. ஆனால் பிள்ளைகளுக்கு எந்தக் களங்கமும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி அவர்கள் முறையான பிள்ளைகள். அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்பா பெயரோடு பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே வாங்கிவையுங்கள். 'முதல் பெண்டாட்டி உறவைத் தீர்த்துட்டேன்' என்று அவர் சொன்னால் கோர்ட் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்துல தீர்த்துவிட்டாங்க. பத்திரத்துல கையெழுத்தும் போட்டாச்சு. மறுபடி கல்யாணம் பண்ணலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் என்று நிரூபித்தால் மட்டுமே அது விவாகரத்தாகும்; நிரூபிப்பது லேசான காரியமில்லை. இருவருக்கும் சம்மதம் என்றால் கோர்ட்டு வழியே சுலபம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆ பிரிவில் மனு. ஆறு மாதக் காத்திருப்பை நீதிபதி தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம். குடும்பநல நீதிமன்றம் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

தாலியும் கட்டல, பதிவும் பண்ணல. எட்டு வருஷமா சேர்ந்து வாழறோம்.

கணவன் மனைவியாகவே ஊரறிய வாழ்கிறீர்கள், இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்கிறது, வேறு கல்யாணத் தடை இல்லை என்றால், 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களையும் காக்கும். அடித்தால் புகார் கொடுக்கலாம், வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, ஜீவனாம்சம் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். ஆனால் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று வந்தால் தடுமாற வேண்டியிருக்கும். கல்யாணத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள், வங்கியிலும் பிஎஃப்பிலும் முடிந்த இடங்களில் நாமினி பெயராவது எழுதுங்கள், உயிலும் எழுதுங்கள்.

திருநங்கை கல்யாணம் பண்ணிக்கலாமா?

பண்ணிக்கொள்ளலாம், பதியலாம். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிய மறுத்தபோது, 'மணப்பெண்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. யாராவது மறுத்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இன்னும் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்க வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. என்னிடம் வருகிற அந்தப் பிள்ளைகளுக்கும் உயில், நாமினி எல்லாம் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

வயசு?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குறைவென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். சொன்னவர் யாரென்று வெளியே வராது.

அம்மா அப்பாவுக்கு நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஆன கல்யாணம். இப்போ பதிய முடியுமா?

முடியும், செய்யுங்கள். இந்துக்கள் இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவில் கேளுங்கள். எந்த மதத்தவருக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவு இருக்கிறது. அதற்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு, இருவரும் 21 தாண்டியிருக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும். கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோக்கள். கல்யாணத்தைப் பார்த்த சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அத்தை, சித்தப்பா யாராவது திடமாக இருக்கும்போதே போய்விடுங்கள். அம்மாவுக்குக் கையெழுத்து வராவிட்டால் கைநாட்டுப் போதும்.